நர்சக்காவின் ஆரஞ்சு சென்ட்

அந்த சென்ட் பாட்டில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தடித்த கண்ணாடி, உள்ளே வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் திரவம், தங்கப் பூச்சு பூசிய மூடி. மூடியின் ஓரத்தில் கொஞ்சம் பூச்சு உரிந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும். உரித்தவள் நான்தான். பேச்சு சுவாரசியத்தில் நகத்தால் சுரண்டிவிட்டேன். நர்சக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "புடிச்சிருந்தா முழுசா நீயே எடுத்துக்க டீச்சர்" என்றார். துபாயிலிருந்து கணவர் ஆசையாக வாங்கி அனுப்பியதை இப்படித் தூக்கிக் கொடுக்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு என்று நான் நெகிழ்ந்துபோனேன். மனிதர்களைத் தப்பாகப் புரிந்துகொள்வதில் அந்த வயதிலேயே எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஜவ்வாது மலையில், மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. ஒடுகத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து சின்ன வயது முழுக்கப் பார்த்த மலைதான். தூரத்திலிருந்து பார்க்க நீலமாக, அழகாகத்தான் இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஒரு நாளைக்கு ஒரு பேருந்து வரும். நல்ல மழை பெய்தால் அதுவும் வராது. மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டால் எதிரில் இருக்கும் புளியமரம்கூடத் தெரியாது. பேரில்தான் ஜவ்வாது, என் அறையில் ஈரச் சுவரும் மண்ணெண்ணெயும்தான் நாறின. மூன்று வருடம் முடியாமல் மாறுதல் கேட்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். பள்ளிச் சுவரில் தொங்கிய காலண்டரை நான் பார்த்த பார்வையில் அதற்கு வாய் இருந்திருந்தால் அழுதிருக்கும்.

எனக்கு ஒதுக்கிய குடியிருப்பும் நர்சக்காவின் குடியிருப்பும் ஒட்டியவை, நடுவில் ஒரே சுவர். அவருக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருக்கும். கணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவர், பிள்ளை இல்லை. தோளில் ஒரு பையும் கையில் ஒரு குடையுமாக மலைக் கிராமங்களுக்கெல்லாம் நடந்தே போவார். ஊசியைப் பார்த்ததும் காட்டுக்குள் ஓடிவிடுகிறவர்களின் வாசலில் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுப் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டே மணிக்கணக்காகக் காத்திருப்பார். ஓடினவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வருவார்கள். சாயங்காலம் அவர் திரும்பி வரும் நடையில் ஒரு துள்ளல் இருக்கும். அதை நான் தினமும் பார்த்தேன். ஆனால் வாயைத் திறந்தால் அவரும் என்னைப் போலவே புலம்புவார். "இன்னா பண்றது டீச்சர், கவர்மென்ட் கொண்டாந்து போட்ட எடம். அஞ்சு வாட்டி மனு போட்டுட்டேன், அசைய மாட்டேன்றாங்க" என்பார். நான் புலம்பலை மட்டும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, அக்கா வீட்டு வாசற்படியில் மூன்று பேர் உட்காருவோம். மூன்றாவது ஆள் எங்கள் விடுதியில் சமைக்கும் ஆயாம்மா, அதே மலைக்காரர். அப்போதுதான் அந்தப் பாட்டில் வெளியே வரும். ஒரே பாட்டில், ஒரே சொட்டு, ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அது மூன்று பொருளாக இருந்தது. எனக்கு முதலில் ஆரஞ்சுத் தோலைக் கண் முன்னால் பிழிந்த காரம் அடிக்கும். அது அடங்கியதும் உள்ளேயிருந்து மெதுவாக ஓர் இனிப்பு வரும். கிறிஸ்துமசுக்கு அப்பா வேலூரிலிருந்து வாங்கி வரும் கேக்கின் அட்டைப்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வெனிலா வாசம். மணிக்கட்டை மூக்கோடு வைத்துக்கொண்டால் நான் வீட்டில் இருப்பேன். அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனால் பிள்ளைகள், "டீச்சர், ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்கும். ஆனால் என் உடம்பில் அது நிற்காது. இரண்டாவது பாடவேளைக்குள் பறந்துவிடும், திரும்பவும் ஈரச் சுவர்தான்.

ஆயாம்மாவுக்கு அது வேறு. "நார்த்தம்பழத்த தேன்ல ஊறப் போட்ட மாரி கீதும்மா" என்பார். விறகுக்குப் போவதற்கு முன் கழுத்தைத் தேய்த்துக் கழுவிவிடுவார். இதோடு காட்டுக்குள் போனால் தேனீ சும்மா விடாதாம். கழுவ மறந்த நாட்களில் அடுப்புப் புகையோடு சேர்ந்து ஆரஞ்சு எங்கோ போய், சமையல்கட்டு முழுக்கப் பாயசம் வைத்த வீடாகிவிடும். "சாமைக் கஞ்சி ஊத்தினாலும் புள்ளைங்க மோந்து மோந்து குடிக்குதுங்க" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்.

பாட்டிலுக்குச் சொந்தக்காரரான அக்கா மட்டும் போட்டுக்கொள்ளவே மாட்டார். ஒரு நாள் நான் வலுக்கட்டாயமாக அவர் கையைப் பிடித்து ஒரு சொட்டு வைத்துவிட்டேன். ஈரப் பாத்திரத்தைத் தூக்கிப் பிடிப்பது போல அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தார். "எப்படி இருக்குக்கா?" என்றேன். "பூட்டி வச்ச ரூம்பு மாரி இருக்கு" என்றார். "பீரோவுல புதுப் புடவை அடுக்கி வச்சிருப்பாங்களே, அந்த வாசனையா?" என்று நான் குதித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்பது போலச் சிரித்தார். பிறகு உள்ளே போய் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொண்டு வந்தார். பிரசவம் பார்க்கிற கைக்கு வாசனை ஆகாது என்று காரணம் சொன்னார். அதையும் நம்பினேன்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வரும் கணவர் அந்த முறை மலைக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, அதிர்ந்து பேசாத குரல். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நீங்களே சொல்லுங்க டீச்சர், இன்னா பொழப்பு இது? அங்க எங்கம்மா ஒண்டியா கீறாங்க. இவ கீழ வந்துட்டா நான் நிம்மதியா வேலயப் பாப்பேன்" என்றார். பேச்சுக்கு நடுவில் அந்தப் பாட்டிலை எடுத்து, விரலில் தொட்டு, என் கண்ணெதிரிலேயே அக்காவின் கழுத்தில் இரண்டு பக்கமும் வைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு மனுஷனை விட்டுவிட்டு இந்தப் பனியில் கிடக்கிறாரே, இவரையாவது விடுவித்தே தீர வேண்டும் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

என் சித்தப்பா வேலூர் சுகாதார அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். நர்சுகளின் மாறுதல் காகிதங்கள் அவர் மேசை வழியாகத்தான் போகும். ஆசிரியைகளின் மாறுதல் வேறு இலாகா, அதனால் என்னை இறக்கிவிட அவரால் முடியாது, அக்காவை முடியும். நேரில் போய்ச் சொன்னேன். சித்தப்பா தேடிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா பேர்ல ஒரு மனுவும் வந்ததே இல்லியே" என்றார். "அஞ்சு மனுவத் தொலைச்சுட்டு இப்படிச் சொல்றீங்களா?" என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். "சரி, புதுசா ஒண்ணு எழுதி வாங்கிட்டு வா" என்றார். எழுதி வாங்குவதற்கு மலைக்குப் போய்த் திரும்ப வேண்டும், விஷயமும் வெளிப்பட்டுவிடும். அக்காவைத் திக்குமுக்காட வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து நானே எழுதினேன். கீழே அக்காவின் கையெழுத்தையும் நானே போட்டேன். தடுப்பூசி அட்டைகளில் நூறு முறை பார்த்த கையெழுத்து, அச்சு அசலாக வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆடி மாதத்தில் உத்தரவு வந்தது. கணியம்பாடிக்கே, மாமியார் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அக்கா நின்றபடியே படித்தார். பிறகு படியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "யாரு கேட்டது இத?" என்றார். "கடவுள்தான் கேட்டிருப்பார்" என்று நான் சிரித்தேன். அவர் கிளம்பிய அன்று மலைக்காரப் பெண்கள் தேனும் சாமையும் பலாப்பழமும் கொண்டுவந்து படியில் குவித்துவிட்டார்கள். பேருந்தின் ஜன்னலில் அக்கா அழுதுகொண்டே போனார். ஆனந்தக் கண்ணீர் என்று ஆயாம்மாவிடம் சொன்னேன். ஆயாம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு விறகுக்குப் போய்விட்டார்.

புரட்டாசியில் காலாண்டு விடுமுறை விட்டதும், பாராட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் கணியம்பாடிக்குப் போனேன். நல்ல காரை வீடு. வெயிலுக்காக ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். வாசலிலேயே அந்த வாசனை வந்துவிட்டது. என் மணிக்கட்டில் இரண்டு பாடவேளைகூட நிற்காத அதே வாசனை, அங்கே நாற்காலி, திரை, காபித் தம்ளர் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமியார் நல்ல மாதிரிதான் பேசினார். "வேலை வுட்டு வந்ததும் குளிச்சிட்டு இத்த போட்டுக்கச் சொல்லிட்டேம்மா. கல்யாண வூடு மாரி கீது பாருங்க. எம்புள்ள வூட்ல இருக்கற மாரியே கீது" என்று பூரித்தார். அவர் காபி போட உள்ளே போன நேரத்தில்தான் அக்கா சொன்னார். கல்யாணமான முதல் வருடம் மெட்ராஸில் ஒரே அறை. கணவர் வேலைக்குக் கிளம்பும்போது இதே சென்ட்டைத் தன் கையாலேயே கழுத்தில் வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போவார். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஊர் கெட்டுக்கிடக்கிறது, பத்திரமாக இரு என்று அன்பாகச் சொல்லிவிட்டுத்தான் பூட்டுவார். ராத்திரி அவர் வந்து திறக்கும்வரை அந்த அறையில் அக்காவும் அந்த வாசனையும்தான். மலைக்கு வேலை உத்தரவு வந்தபோது வீடே அழுததாம், அக்கா மட்டும் குளியலறைக்குள் போய்ச் சிரித்தாராம்.

"டீச்சர், நான் ஒரு மனுவும் போட்டதே இல்ல. மனு போட்டேன்னு அவருக்கு எழுதி எழுதி, உன்கிட்டயும் அதயே சொல்லிப் பழகிட்டேன். எந்தப் பாவி என் பேரப் போட்டான்னு தெரியல" என்றார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். மலைக்கே திரும்பப் போட வேண்டும் என்று கேட்கும் மனு. "உங்க சித்தப்பா அந்த ஆபீஸ்லதான் இருக்காருன்னு சொன்னியே. எனக்கு வேற யாரும் இல்ல, நீதான் பண்ணணும்" என்றார். அன்றுதான் அந்த வாசனையில் எனக்கும் கேக் இல்லை, வீடு இல்லை. மாமியார் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு, சரி என்று தலையாட்டி வந்தேன்.

சித்தப்பா இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அட்டைகளில் அவசரமாகக் கிறுக்கும் சின்னக் கையெழுத்தை நான் போட்டிருந்தேன். அக்கா முழுப் பேரையும் நிறுத்தி எழுதியிருந்தார். சித்தப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "இது உள்ள போனா பழைய காகிதத்த எடுப்பாங்க. அந்தம்மாவக் கூப்பிட்டுக் கேப்பாங்க. உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, அக்காவின் மனுவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் மலைக்குத் திரும்பினேன். அக்கா இருந்த வீடு பூட்டியே கிடந்தது. அவர் விட்டுப்போன இடத்துக்கு ஒருவரும் வரவில்லை, வரச் சொன்ன இரண்டு பேரும் மலை என்றதும் வேலையே வேண்டாம் என்று எழுதிவிட்டார்களாம். இனி அக்கா நேரிடையாக மனு போட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் பயம். அந்தப் பூட்டிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் உட்கார்ந்து அவருக்குக் கடிதம் எழுதினேன்: அக்கா, இங்கே இடம் காலி இல்லை, புதிதாக ஒரு பெண் வந்துவிட்டாள், சின்னப் பெண், நன்றாக வேலை செய்கிறாள்.

அக்கா கீழே சில வருடங்கள் வேலை பார்த்தார். கணவர் துபாயை விட்டு ஒரேயடியாகத் திரும்பியதும் வேலையையும் விட்டுவிட்டார். எனக்கு மூன்று வருடம் முடிந்ததும் மாறுதல் கிடைத்தது. அதன் பிறகு எத்தனையோ முறை அக்காவைப் பார்த்தேன், ஒருமுறையும் உண்மையைச் சொல்லவில்லை. போன மாசியில் அவர் இறந்த செய்தி வந்தது. இப்போது எழுதத் துணிந்ததற்கு அதுதான் காரணம். இதற்குக் கோழைத்தனம் என்று பேர், வேறு நல்ல பேர் எதுவும் இல்லை.

நான் எழுதிய பொய்க்கு, பத்தே நாளில் பதில் வந்தது. முழு வெள்ளைத்தாளில் நான்கு பக்கம், ஓரம் விடாமல் நெருக்கி எழுதியிருந்தார். எனக்கு இல்லை, புதிதாக வந்த பெண்ணுக்கு. எந்த வீட்டில் யாருக்கு ஊசி பாக்கி, யார் மாத்திரையை வாங்கித் தொழுவத்தில் வீசிவிடுவார்கள், எந்த ஓடையை மழை நாளில் தாண்டக் கூடாது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். பெரிய பாறைக்கு அந்தப் பக்கத்து மருமகளுக்குத் தையில் நாள், தலைப்பிரசவம், இடுப்பு சின்னது, பத்து நாளுக்கு முன்னாலேயே கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதை மட்டும் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார். அடுத்த சனிக்கிழமை முதல் நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக நடந்தேன். நர்சம்மா சொல்லி அனுப்பினார் என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். அந்த மருமகளைக் காலத்தோடு கீழே அனுப்பினார்கள், பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. நான்கு பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் சேர வேண்டியவர்களிடம் சேர்த்துவிட்டேன், எனக்கென்று சேர்த்திருந்த கடைசி வரி ஒன்றைத் தவிர. "புதுப் பொண்ணு அழுதான்னா அழட்டும், விட்டுடு டீச்சர். ஒரு மழைக்காலம் போவட்டும். அப்புறம் யாரு வந்து கூப்புட்டாலும் கீழ எறங்க மாட்டா." அதைப் படித்துக்காட்ட அந்த மலையில் புதுப் பெண் என்று ஒருத்தி இல்லவே இல்லை.