டேங்க் மூடியில் நான் போட்ட ஓட்டை

சித்தூர்ல எனக்கு ஒரு ரிப்பேர் கடை. மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயர், ஆயில் இஞ்சின், ஜெனரேட்டர், எது வந்தாலும் பிரிச்சு மேய்ஞ்சுடுவேன்னு எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிருலதான் எங்க அக்கா புருஷன் பொழப்புல மண்ணைப் போட்டேன்.

அக்கா காதலிச்சுக் கட்டிக்கினு போனவ. மாமாவுக்குப் பழவேற்காடு ஏரியில, ஆந்திரா பக்கத்துக் கரையில, மீன் பிடிக்கிற தொழில். அவர்கிட்ட ஒரு படகும், படகுக்குப் பின்னால மாட்டற ஒரு அரதப்பழசான பெட்ரோல் மோட்டாரும் இருந்துச்சு. அதோட டேங்க் கெட்டுப்போச்சு. அந்த மாதிரி டேங்க் இப்ப யாரும் செய்யறதில்ல, புது மோட்டார் வாங்க அவருக்கு வக்கும் இல்ல.

"மச்சான், இது ஓடலைன்னா கம்பெனிக்கு செக்யூரிட்டியாத்தான் போவணும். இத்தினி வருஷம் தண்ணியில இருந்தவன் கேட்டுல போய் நிக்கணுமா?"ன்னு போன்ல கேட்டாரு.

"அட உடுங்க மாமா, நான் இருக்கேன்ல"ன்னேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் எடுத்தாந்து குடுத்தாரு. மோட்டாரையும் டேங்கையும் சாக்குல சுத்தி நான் சித்தூர் பஸ்ல ஏத்தினேன். "ஏமய்யா, பெட்ரோல் வாசன வஸ்துந்தே!"ன்னு கண்டக்டர் தெலுங்குல கத்தி, நாத்தம் தாங்காம மூக்கைப் பொத்தினாரு. காலி டேங்க்தான் சார்னு கெஞ்சி, வழி பூரா அதை மடியில வெச்சுக்கினு வந்தேன்.

கடையில பிரிச்சேன். டேங்க் தலையில ஒரு பித்தான். மோட்டாரைக் கிளப்பறதுக்கு முன்னால அதை அமுக்கி அமுக்கிப் பெட்ரோலை ஏத்தணும். அதுக்குக் கீழ இருந்த ரப்பர் தகடு அப்பளமா நொறுங்கியிருந்துச்சு. புதுசா ஒண்ணு வெட்டிப் போட்டேன். பேக்கிங் எல்லாம் மாத்தினேன். டேங்குக்குள்ள ஜல்லியைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தேன். தண்ணி ரொப்பின டிரம்முல மோட்டாரை மாட்டி இழுத்தா, ஜம்முனு கிளம்பிச்சு. கொஞ்ச நேரத்துல நின்னுடுச்சு. மறுபடி இழுத்தேன், மறுபடி நின்னுச்சு.

ஆயில் இஞ்சின் டேங்க் மூடியில ஒரு காத்து ஓட்டை இருக்கும். அது அடைச்சுக்கினா இஞ்சின் நின்னுடும், ஊசியில குத்திவிட்டா ஓடும். இந்த மூடியைத் திருப்பிப் பாத்தேன், ஓட்டையே இல்ல. அடச்சீ, இவ்ளோதானான்னு டிரில்லை எடுத்து ஒண்ணு போட்டேன்.

அதுக்கப்புறம் அது கிளம்பவே இல்ல.

ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கினு, கடைசியில சென்னையில பழைய ஸ்பேர் விக்கிற ஒருத்தருக்குப் போன் போட்டேன். "ஐயையோ, அதுல மூடியை ஓட்டை போட்டியா? மோட்டாருக்குள்ள பம்ப்பே கெடையாதுய்யா. ஒரு டியூப்ல டேங்குக்குக் காத்தை அடிக்கும், அந்தக் காத்து அழுத்தித்தான் இன்னொரு டியூப்ல பெட்ரோல் ஏறும். காத்து வெளிய போனா எப்படி ஏறும்?"னாரு. அந்த மூடி எங்க தேடினாலும் கெடைக்காதுன்னும் சொன்னாரு. அப்புறம் பாத்தா, முதல்ல மோட்டார் நின்னதுக்குக் காரணம் காத்து டியூப் முனையில தேஞ்சுபோன ஒரு சின்ன ரப்பர் வளையம். அப்பவே அதை மாத்தியிருந்தா போதும். ரெண்டு டியூப் எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சனா, தடிமாடு!

வளையத்தை மாத்திட்டு, ஓட்டையை கேஸ் வெல்டிங்ல அடைக்கப் போனேன். மூடி இளகி மரையும் போச்சு. அப்புறம் ஓட்டையில ஒரு போல்ட்டை முறுக்கி, அதைச் சுத்தியும் மரை போன எடத்துலயும் பசை போட்டு அப்பினேன். டிரம்முல அரை மணி நேரம் ஓடிச்சு. எனக்கே நம்பிக்கை இல்ல. ஆனாலும் "ரெடி மாமா"ன்னு சொல்லி எடுத்துக்கினு போனேன்.

மாமாவோட நானும் படகுல ஏறினேன். ஏரியில கரை கண்ணுக்கு மறையற வரைக்கும் நல்லாதான் போச்சு. அப்புறம் புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பெட்ரோல் பசையைத் துன்னுட்டிருந்துச்சு. மாமா உள்ளங்கையை மூடி மேல வெச்சு அழுத்திப் பாத்தாரு, கோணித்துணியைக் கட்டிப் பாத்தாரு. ஒண்ணும் ஆகல. கழியை எடுத்துத் தள்ள ஆரம்பிச்சாரு. ஓட்டை போட்ட கதையை அப்பதான் சொன்னேன்.

"நீ என்ன, வேணும்னேவா செஞ்சே?"ன்னாரு. மறுபடி கழியைத் தண்ணியில ஊனினாரு. நாலு திட்டு திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

வீட்டுல அக்கா சோறாக்கி, மீன் வறுத்து வெச்சிருந்தா. "ஓடிச்சா?"ன்னு ஆசையா கேட்டா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மாமா சொல்லிட்டாரு: "உன் தம்பி கை வெச்சா ஓடாம இருக்குமா? சூப்பரா ஓடிச்சு. எனக்குத்தான் இனிமே ஏரி வேணாம்னு தோணுது. முடியல. கம்பெனிக்கே போயிடறேன்."

அக்கா மூஞ்சி மாறிப்போச்சு. "அவன் கடையை மூடிட்டு உனக்காக மாரடிச்சிருக்கான். உனக்கு ஒடம்பு வணங்கலையா? வெக்கமா இல்ல?"ன்னு கத்தினா. மாமா தலையைக் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சுக்கினு இருந்தாரு. அக்கா என் தட்டுல இன்னொரு துண்டு மீனை வெச்சு, "நீ துன்னுடா"ன்னா. நான் துன்னேன்.

இப்பவும் வாரம் ஒரு தடவை போன் பண்றா. "நீ அவ்ளோ நல்லா செஞ்சு குடுத்தும் இந்தச் சோம்பேறி மனுஷன் கேட்டுல போய் நின்னுக்கினு இருக்காரு பாருடா"ன்னு அழறா. நான் 'ம்' கொட்டிக்கினு இருக்கேன்.