கழுத்தில் ஒட்டிய கரண்ட்

ராயபுரம் லியோனார்டுக்குத் தன் எச்சிலே அருவருப்பாகிப்போனது. துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். ஐம்பத்தேழாம் வயதில் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியும் விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. வாயில் ஊறியதெல்லாம் தாடையில் வழிந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போன குழாயில் மனைவி அடைக்கலமேரி வடிகட்டிய கஞ்சியை ஊற்றுவாள். நாக்கில் படாத அந்தக் கஞ்சி, ஏப்பத்தில் புளித்த நாற்றமாக மேலே வரும். தோளில் கிடந்த ஈரத் துண்டை அவர் யாரையும் தொட விட்டதில்லை. அடைக்கலமேரி சாப்பிட உட்கார்ந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி தரும் பவானி, தொண்டைக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அதைக் காதில் வாங்கிய மைத்துனன் ஆண்ட்ரூ, முதுகுவலிக்கு விற்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தான்.

"அல்லாம் ஒரே கரண்ட்தான் மாமா."

கழுத்தில் ஒட்டி முழு வேகத்தில் வைத்தான். தொண்டை இறுகி மூச்சடைத்தது. பிய்த்தெடுத்தபோது தோல் வெந்திருந்தது. நான்கே நாளில் அதில் சீழ் கோத்தது.

புண்ணைப் பார்த்த பவானி, அது ஆறும்வரை எதையும் ஒட்ட மறுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, கழுத்தை மழித்து, மருத்துவமனை மெஷினின் சிறு ஒட்டுகளை வைத்து, கரண்டை மெதுவாக ஏற்றினார். எறும்பு ஊர்வதுபோல் தொடங்கி, உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல் ஆனது.

"கரண்ட் உங்களுக்காக முழுங்காது சார். அது இழுக்கறப்போ நீங்களும் முழுங்கணும்."

அரை ஸ்பூன் தண்ணீரை, மூச்சுக்குழாய்க்குள் நழுவாதபடி பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுத்தார். சளிபோல் வழுவழுத்தது.

"இன்னாமா இது, கலீஜா கீது," என்று குழறினார் லியோனார்ட்.

பாதியில் எழுந்துபோன நாட்கள் உண்டு. ஒருமுறை துப்பியது பவானியின் கையிலேயே விழுந்தது. பவானி துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்பூனை நீட்டினார். லியோனார்டுக்குத்தான் உடம்பு கூசியது.

ஏழாவது வாரம் கூழ் விழுங்க வைத்து எடுத்த எக்ஸ்ரே வீடியோவில், அது மூச்சுக்குழாய்ப் பக்கம் போகாமல் இறங்குவது தெரிந்தது. மூக்குக் குழாயை எடுத்தார்கள். கரண்டாலா, பயிற்சியாலா, நாள்பட்டுத் தானே தேறியதா என்று பவானியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெறும் தண்ணீர் இன்னும் கூடாது. டீயையும் கோந்தாக்கித்தான் குடிக்க வேண்டும்.

அன்று வஞ்சிரக் குழம்பும் சோறும் மிக்ஸியில் அரைபட்டுப் பழுப்பாக வந்தன.

"வாந்தி மாரி கீது," என்றார்.

அடைக்கலமேரி தட்டை எடுக்கப் போனாள். அவர் கையால் மறித்தார். முகத்தைச் சுளித்தபடியே ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, பவானி சொல்லிக் கொடுத்தபடி தாடையை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி விழுங்கினார். இருமல் வரவில்லை.

"உப்பு கம்மி," என்றார்.