அக்காவுக்கு ஒரு வி.ஜி.ஏ. கார்ட்

கொம்பியூட்டருக்குள் செருகும் ஒரு சிறிய பலகையைத் தெரிவு செய்ய ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கடைக்குப் போனால் பத்து நிமிடம். நான் அதற்கு ஒரு மாரிகாலம் முழுவதையும் செலவழித்தேன். அப்போது யாராவது என்னை முட்டாள் என்று சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இப்போது அந்தச் சொல்லை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்று இறந்துபோனார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். மிஞ்சியது அக்காவும் நானும். அவள் என்னைவிட எட்டு வயது மூத்தவள். இருபது வயதிலேயே சீனி வருத்தம் வந்து, தினமும் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்கிறவள். பெண்பார்க்க வந்தவர்கள் ஊசிக் கதையைக் கேட்டதும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள். அவர்கள் போனபிறகு அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அவர்களைப்போல நடித்துக் காட்டுவாள். எனக்குத்தான் ஆத்திரம் வரும், அவள் சிரிப்பாள்.

சண்டை திரும்பத் தொடங்கியபோது அவளுக்கு ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஈச்சிலம்பற்றிலிருந்தும் தோப்பூர்ப் பக்கமிருந்தும் சனம் ஓடி, பாதிக் குடும்பம் ஒரு முகாமிலும் மீதி கந்தளாய்ப் பக்கத்து முகாமிலுமாகச் சிதறிக் கிடந்தது. யார் எங்கே இருக்கிறார், யார் யாரைத் தேடுகிறார், யார் எந்த இடத்தில் வைத்துக் காணாமற்போனார் என்று முகாம்களில் கையால் நிரப்பிய படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றுவது அக்காவின் வேலை. ஊரடங்கும் சோதனையும் கூடியபோது அலுவலகம் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வீட்டுக்கே கொடுத்துவிட்டது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டவன் நான்தான். அந்த அலுவலகத்தின் கொம்பியூட்டர்களை எல்லாம் திருத்திக் கொடுக்கிறவனும் நான்தான். களவாகப் பிரதியெடுத்த விண்டோஸை ஒருநாளும் கையால் தொடமாட்டேன் என்று எனக்கொரு வைராக்கியம் இருந்தது. ஊரில் மற்ற எல்லோரும் அதைத்தான் தொட்டார்கள்.

அந்த மாரி தொடங்கும்போது அக்காவின் கண்ணில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குப் பின்னால் சீனி வருத்தத்தால் இரத்தக் குழாய்கள் கசிகின்றன, கொழும்பில் லேசர் வைக்க வேண்டும், சுணங்க வேண்டாம் என்று சொல்லி அவர் ஒரு துண்டு எழுதித் தந்தார். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய திகதியும் கிடைத்தது.

அந்த நாளில் கொழும்பு என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டையில் திருகோணமலை என்று இருக்கிற, முப்பது வயதுகூட ஆகாத ஒருவன் லொட்ஜில் அறை கேட்டால் முதலாளி முகத்தைத் திருப்புவார். அறை கிடைத்தாலும், பிடித்துக்கொண்டு போக யார் வந்து கதவில் தட்டுவார்கள் என்று விடியும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஆனால் பார்வை மங்கின அக்காவைத் தனியாக அனுப்ப ஏலுமா? நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போவோம் என்றுதான் சொன்னேன். எனக்குப் பயம் இருந்ததும் உண்மை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“இப்ப என்ன அவசரம்? கண் அவ்வளவு மோசமில்லையடா. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிசாத் தெரிஞ்சாக் காணும்” என்றாள் அக்கா.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. எழுத்தைப் பெரிதாக்குவதென்றால் அது என் வேலை. அதற்குக் கொழும்பு தேவையில்லை.

லினக்ஸில் அப்போது புதிதாக ஒரு வித்தை வந்திருந்தது. ஒரு விசையை அமத்திக்கொண்டு மவுஸின் சில்லை உருட்டினால் திரை முழுவதும் பூதக்கண்ணாடி வைத்ததுபோலப் பெருக்கும். மவுஸ் போகும் இடத்துக்கெல்லாம் காட்சியும் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் அதற்கு வலுவான வி.ஜி.ஏ. கார்ட் வேண்டும், அதாவது திரையில் படம் வரைகிற பலகை. அக்காவின் கொம்பியூட்டரில் இருந்த பழைய கார்ட்டில் அது வெட்டி வெட்டி, தெத்தித் தெத்தி ஓடியது. வேறு கார்ட் வாங்கினாலும் அதோடு லினக்ஸ் பேசுவதற்கு டிரைவர் என்கிற நிரல் சரியாக இருக்க வேண்டும். கார்ட் செய்கிற கம்பனிகள் விண்டோஸுக்கு டிரைவர் செய்துவிட்டு லினக்ஸைத் திரும்பியும் பாராத காலம் அது.

நான் இறங்கிவிட்டேன். காசுக்குத் தொலைபேசியும் இணையமும் தருகிற கொம்யூனிக்கேஷன் கடையில் இருந்துகொண்டு, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் எந்தக் கார்ட் லினக்ஸில் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று போட்ட சண்டைகளையெல்லாம் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இணைப்பு இருக்கிற நாளில் அச்செடுப்பது, இல்லாத நாளில் வாசிப்பது. ஒரு கம்பனி தன் டிரைவரைப் பூட்டி வைத்திருந்தது. வேகமாக ஓடும், ஆனால் லினக்ஸின் உட்கருவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதையும் இணையத்திலிருந்து புதிதாக இறக்க வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் தொலைபேசியே செத்துக் கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு எதை இறக்குவது? மற்றக் கம்பனியின் புதிய கார்ட்டுகளும் அப்படித்தான். ஆனால் அவர்களுடைய பழைய கார்ட்டுகள் சிலவற்றுக்கு யார் யாரோ தங்கள் விருப்பத்துக்குத் திறந்த டிரைவர் எழுதி, அது லினக்ஸ் வட்டிலேயே கூட வந்தது. செருகினால் போதும், ஓடும். அதிலும் மாதிரிப் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துக் கூடுதலாக இருந்தால் அது பாதி வேகத்தில் ஓடுகிற மட்டமான வகை. ஆகவே எனக்கு வேண்டியது புதிதல்லாத, அந்த இரண்டு எழுத்தும் இல்லாத, அக்காவின் பழைய கொம்பியூட்டரின் செருகுவாய்க்குப் பொருந்துகிற ஒரே ஒரு கார்ட்.

மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போய்ச் சாமான் எடுத்துவருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர், நானா என்று நாங்கள் கூப்பிடுகிறவர், பக்கத்து வீதியில் கொம்பியூட்டர்க் கடை வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

“தம்பி, எல்லாரும் புதுச் சாமான்தான் கேக்கிறாங்க. நீங்க மட்டும்தான் பழசு வேணுமெண்டு நிக்கிறீங்க. விண்டோஸப் போட்டா எந்தக் கார்டும் ஓடும்தானே?”

“அதில இருக்கிற பூதக்கண்ணாடி திரையில ஒரு மூலைக்குத்தான் வேலை செய்யும் நானா. அக்கா முழுத் திரையிலயும் பார்க்க வேணும்.”

“அக்காக்குக் கண் ஏலாட்டி கண்ணுக்கெல்லோ முதல்ல பாக்கணும்?”

அதைக் கேட்டு எனக்குச் சுர்ரென்றது. உங்களுக்கு விளங்காது நானா, கொண்டுவர ஏலுமா ஏலாதா என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் மாதிரிப் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் அக்கா தினமும் கேட்பாள், “கார்ட் என்னமாதிரியடா?” அவ்வளவுதான், நான் தொடங்கிவிடுவேன். எந்தச் சிப்பு, எந்த டிரைவர், எவன் என்ன எழுதினான் என்று ஒரு மணித்தியாலம் கதைப்பேன். கடற்படைத் தளத்திலிருந்து குடாவுக்கு அப்பால் ஷெல் அடிக்கும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும். அதற்கு மேலால் குரலை உயர்த்திக் கதைப்பேன். அக்கா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சொல்வதை இப்படிக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மாரியில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கொழும்புத் திகதி வந்தபோது பாதை உண்மையிலேயே பூட்டியிருந்தது. இரண்டாவது திகதி எடுத்தோம். அது வந்தபோது பாதை திறந்திருந்தது. பஸ்களும் ஓடின. இந்த மழைக்குள் என்னத்துக்கு, பிறகு பார்ப்போம் என்றாள் அக்கா. நான் ஒரு கேள்வியை இணையத்தில் போட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த நேரம் அது. சரி என்றேன். அவளை ஒரு தரம்கூட வற்புறுத்தவில்லை.

நடுமாரியில் நானா ஒரு கார்ட் கொண்டுவந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தும் இருந்தன.

“ரெண்டும் ஒண்டுதான் எண்டு கொழும்புக் கடைக்காரன் சொன்னான் தம்பி.”

“ஒண்டில்லை! நான் எழுதித் தந்ததைத்தானே நீங்க பார்த்து வாங்கியிருக்க வேணும்?”

கடையில் நின்றவர்களுக்கு முன்னால் அந்த மனிதரைப் பிடித்துக் கத்தினேன். சோதனைச்சாவடிகள் அத்தனையிலும் பொதியை அவிழ்த்துக் காட்டி, மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியை அவர் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது எனக்கு நன்றாகத் தெரியும், எழுத்தைப் பெருப்பிக்க அந்தப் பாதி வேகமே தாராளம். அன்றைக்கே அதைச் செருகியிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியில் வந்திருக்கும்.

நான் இன்னும் ஒரு மாதம் காத்திருந்தேன். அந்த மாதத்தில் நடந்தவற்றை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அக்கா தேத்தண்ணீர் ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டுப் பிடித்தாள். உன் விரலைத்தான் குடிக்கிறோம் என்று பகிடி பண்ணினேன். ஊசியில் மருந்தை அளந்து இழுக்க என்னைக் கூப்பிட்டாள். மடியில் அச்செடுத்த தாள்களை வைத்துக்கொண்டே இழுத்துக் கொடுத்தேன். படிவங்களை நீ வாசி, நான் அடிக்கிறேன், இரண்டு பேராகச் செய்தால் கெதியாக முடியும் என்றாள். விசைப்பலகை அவளுக்கு விரல் நுனியில் இருந்தது, பார்க்காமலே அடிப்பாள். என் வாசிப்புக்கு இடைஞ்சல் என்று சிணுங்கிக்கொண்டுதான் வாசித்தேன். என் வயதுப் பொடியன்களின் பெயர்கள்தான் அதில் அதிகம். கொழும்புக்குப் போன இடத்தில், லொட்ஜில், பஸ்ஸில். காணாமற்போன இடம் என்ற கட்டத்தை நான் வாசிக்கும்போது மட்டும் அவளுடைய விரல்கள் சுணங்கும்.

சரியான கார்ட் தை மாதத்தில் வந்தது. ஒரு காலை, வெயில் யன்னலால் மேசை வரைக்கும் விழுந்துகொண்டிருந்த நேரம், செருகினேன். ஒரு கட்டளைகூட அடிக்கத் தேவைப்படவில்லை. சில்லை உருட்டியதும் ஒரு பெயரின் முதல் எழுத்து மட்டும் திரையை நிறைத்து நின்றது. வெட்டு இல்லை, தெத்தல் இல்லை. நான் தெரிவு செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

“அக்கா, ஓடிவா!” என்று கத்தினேன்.

அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வாறன் என்றாள். அவள் வருவதற்குள் புதிதாக வந்த படிவக் கட்டை எடுத்துவைப்போம் என்று நான் உள்ளறைக்குப் போனேன். அது அலுமாரிக்கு மேலே இருந்தது. கட்டின கயிற்றின் முடிச்சு இறுகியிருந்தது, அவிழ்க்கப் பத்து நிமிடம் பிடித்தது. அக்கா சுவரைத் தடவிக்கொண்டு வந்து கதிரையை இழுத்து இருக்கும் சத்தம் கேட்டது.

“எப்பிடி இருக்கு?” என்று உள்ளே நின்று கேட்டேன்.

“அடேயப்பா! எவ்வளவு பெரிசு! எழுத்தெல்லாம் என்ன வடிவாத் தெரியுது! நீ கெட்டிக்காரன்தான்டா.”

கட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தேன். கொம்பியூட்டரை யாரும் தொடாமல் விட்டதால் மொனிட்டர் தானாக அணைந்திருந்தது. திரை கறுப்பாக இருந்தது. அதற்கு முன்னால் அக்கா முகத்தை நீட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

படிவக் கட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

“அக்கா, எப்ப தொடக்கம் உனக்குத் தெரியேல்லை?”

அவள் சிரிப்பை உடனே விடவில்லை. கையை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிறகு” என்றாள். “வெளிச்சம் கொஞ்சம் தெரியும். ஆக்கள் வந்தா நிழலாட்டம் தெரியும்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை? சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸிலயே உன்னைக் கொண்டு போயிருப்பனே!” என்று கத்தினேன். அவள்மேல்தான் கத்தினேன். எனக்கு வேறு தெரியவில்லை.

“அதுதான் சொல்லேல்லை. கார்ட் தேடுறனெண்டு நீ வீட்டுக்குள்ளயே கிடந்தனி. எனக்கு அது காணும்.” விசைப்பலகையைத் தேடித் தொட்டாள். “இந்தப் பட்டியலெல்லாம் நான்தானே அடிக்கிறன். அதில உன்ர பேரை அடிக்க என்னால ஏலாதடா.”

நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். அவள் தலையைத் தடவப்போய், தலை இருக்கும் இடம் தெரியாமல் என் தோளைத் தடவினாள்.

அடுத்த கிழமை கொழும்புக்குப் போனோம். வழியில் மூன்று சோதனைச்சாவடியில் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தார்கள், எங்கே போகிறாய் என்று கேட்டார்கள், அக்காவின் கண்ணைக் காட்டினேன், ஏறச் சொன்னார்கள். லொட்ஜில் யாரும் கதவைத் தட்டவில்லை. அவ்வளவுதான். நாங்கள் அவ்வளவு காலமும் பயந்த பயணம் அப்படி முடிந்தது.

டொக்டர் இரண்டு கண்ணுக்குள்ளும் விளக்கைப் பிடித்து நீண்டநேரம் பார்த்தார். உள்ளே இரத்தம் கசிந்து கட்டிவிட்டது, விழித்திரையும் இழுபட்டுக் கழன்றுவிட்டது, இனி லேசரால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். கையில் இருந்த துண்டில் முதல் திகதியைப் பார்த்தார், இரண்டாவது திகதியையும் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏன் இவ்வளவு நாள் கூட்டிக்கொண்டு வரேல்லை?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, டொக்டர் இருப்பார் என்று நினைத்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பாதை பூட்டிக் கிடந்தது டொக்டர்” என்றாள்.