டோக்கன் 417: வெளியே போன நேரம்

பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நடந்தது மத்தியானம். வெளியே சுள்ளென்று வெயில். 1993 ஏப்ரல் 9, பெரிய வெள்ளி. வேளாங்கண்ணி மாதாமேல் ஆணையாக ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

என் பெயர் ஜெயசீலி. மண்ணூர்பேட்டைப் பக்கம், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் அடித்து உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நானும் என் கணவர் எட்மண்டும்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

1989 நவம்பரில் ஒருநாள், பால்ராஜ் என்ற தொழிலாளி இரவு எட்டேகாலுக்கு பிரஸ்ஸில் நசுங்கி இறந்துபோனார். டோக்கன் நம்பர் 417. 'ஐந்தரைக்கே வெளியே போனவன், பித்தளை திருட சுவரேறிக் குதித்து வந்தான், நஷ்டஈடு கிடையாது' என்றது கம்பெனி. நேரம் குத்தும் கார்டு எங்கோ தொலைந்துவிட்டதாம். ஆனால் கம்ப்யூட்டர் பட்டியல் இருந்தது. வெளியே போன நேரம் 17:30. அதை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அவர் மனைவி லோகநாயகி கேட்டில் நின்று அழுதபோது, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா" என்று சொன்னவளும் நான். அன்றிலிருந்து வெள்ளானூரில் அவர்கள் வீட்டுக்கு 'திருடன் வீடு' என்று பெயர்.

மூன்றரை வருஷம் கழித்துப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருப்பதையெல்லாம் அதற்கு மாற்ற வேண்டும். எட்மண்ட் தானே சனிக்கிழமை தனியாகச் செய்வதாகச் சொன்னார். ஒரு வாரமாக மனிதருக்குத் தூக்கமில்லை. வேலைப் பளு, பாவம் என்று நினைத்தேன். பெரிய வெள்ளி மூன்று மணி வழிபாட்டில் இயேசுவின் பாடுகளை வாசிக்கும்போது, கை கழுவிய பிலாத்துவின் பகுதி அவருக்கு. அவர் கோயிலில் இருக்கும் நேரத்தில் பாதி வேலையை முடித்து வைத்தால் சந்தோஷப்படுவாரே என்று நான் கிளம்பினேன். ஆசைதான். வேறென்ன?

மணி 1:40. வாட்ச்மேன் கங்காதரன் கேட்டைத் திறந்துவிட்டார். "பெரிய வெள்ளியும் அதுவுமா இன்னாம்மா வேலை? உள்ள ஒர்த்தரும் இல்ல."

சைக்கிள் ஸ்டாண்டு காலி. ஒரே ஒரு சைக்கிள் மட்டும். 417-உடையது. வக்கீல் சமாச்சாரம் என்று யாரும் தொடவில்லை. இரண்டு டயரும் தரையோடு தரை. மூன்றரை வருஷம் தினமும் அதைத் தாண்டித்தான் போனேன். ஐந்தரைக்கு வெளியே போனவர் சைக்கிளை ஏன் விட்டுப்போனார் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. களிமண் மண்டை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பழைய மெஷின் நேரத்தை நேரமாக வைத்துக்கொள்ளாது. நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி என்று வெறும் எண்ணாக வைத்திருக்கும். மாலை ஐந்தரை என்றால் உள்ளே 63000. அதை 17:30 என்று திரையில் காட்ட மாற்றுக் குறியீடு என்று சில வரி நிரல் உண்டு. மெஷினோடு வந்தது போதாவிட்டால் நாமே ஒன்று எழுதி அந்த இடத்தில் செருகிவிடலாம். பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. உள்ளே ஒன்று இருக்கும், வெளியே ஒன்று தெரியும்.

மணி 2:35. அந்த நவம்பர் மாதப் பட்டியல் புது மெஷினில் ஏறியது. சரிபார்க்க இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்தேன். பழையதில் எல்லாருக்கும் மணி தெரிந்தது. புதியதில் வெறும் எண்கள். அந்த நேரப் பத்திக்கு யாரோ சொந்தமாகக் குறியீடு எழுதியிருக்கிறார்கள், அது கூட வரவில்லை என்று புரிந்தது. எண்களை வகுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி.

417-க்கு வந்தேன்.

பழைய திரையில் 17:30. புதிய திரையில்... ஒன்றுமில்லை. காலி.

அவர் வெளியே போகவே இல்லை.

அந்தக் குறியீட்டைத் திறந்தேன். ஆறே வரி. டோக்கன் 417 ஆக இருந்து, அந்தத் தேதியாக இருந்து, நேரம் காலியாக இருந்தால் 17:30 என்று காட்டு. மற்றவர்களுக்கு உள்ளது உள்ளபடி. பதிவைத் திருத்தினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று பதிவைத் தொடாமல், பார்ப்பவர் கண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். எழுதிய நாள், பால்ராஜ் செத்த அதே நாள். நேரம் 20:52. எழுதியவர் பெயரை மெஷினே போட்டுவைத்திருந்தது.

ஜெயசீலி.

நான் எழுதவில்லை. என் பாஸ்வேர்ட் என்னைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது அவருடைய பிறந்த நாள்.

அன்று இரவு ஒன்பதரைக்கு அவர் எங்கள் அம்மா வீட்டில் சாப்பிட்டார். கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். வஞ்சிரம் குழம்பு. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தை" என்று இரண்டாம் தடவை சோறு வாங்கினார். பேச்சில் ஒரு தடுமாற்றம் இல்லை. அந்தக் கையைத்தான் நான் பிடித்தேன்.

அழுதேன். அழுதுகொண்டே அந்த ஆறு வரியையும் அச்சடித்துக் கிழித்துப் பைக்குள் வைத்தேன்.

மணி 3:01. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கம்ப்யூட்டரைத் தாங்கும் யு.பி.எஸ். மட்டும் பீப்... பீப்... என்றது.

மணி 3:05. மெஷின் எண்ணெய் வாடை. பிரஸ் ஷாப் கதவு பூட்டியிருந்தது. ஆனாலும் வாடை... பக்கத்தில்.

பிறகு செருப்புச் சத்தம். டப்... டப்... டப்...

வருகிற சத்தம் இல்லை. போகிற சத்தம். என் நாற்காலிக்குப் பின்னாலிருந்து.

திரும்பவில்லை.

டைம் ஆபீசில் கார்டு குத்தும் மெஷின்.

கிளிங்... டக்.

அது கரண்டில் ஓடும் மெஷின். கரண்ட் இல்லை.

திரையைப் பார்த்தேன். 417. காலியாக இருந்த இடத்தில் ஒரு எண்.

54420.

அந்த மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒயரே கிடையாது. கார்டைப் பார்த்து மறுநாள் கையால்தான் ஏற்றுவோம்.

வகுத்தேன்.

15:07.

சுவர்க் கடிகாரத்தில்... மூன்று ஏழு.

ஓடினேன்.

ஸ்டாண்டைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. சைக்கிள் இல்லை.

கேட்டில் கங்காதரன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். யார் வெளியே போனது என்று கேட்டேன். "கேட்டு பூட்டிகினு கீதும்மா. ஒரு ஈ காக்கா போவல."

ஏழு மணிக்கு எட்மண்ட் வீட்டுக்கு வந்தார். காகிதத்தை நீட்டினேன். படித்தார். மறுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. "இத வேற யாராவது பாத்தாங்களா?" என்றார். ஏன் என் பெயரில் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"உன்ன யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு தெரியும் சீலி."

மத்தியானம்கூட எனக்கு அப்படிக் குளிரவில்லை. அன்று இரவே அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றுவரை திரும்பவில்லை.

மறுநாள் காலை ஆவடியில் இறங்கி, பஸ் பிடித்து வெள்ளானூர் போனேன். 'திருடன் வீடு' என்று கேட்டால்தான் வழி காட்டினார்கள். லோகநாயகி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. காகிதத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதில் என் பெயர்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் திருட வரவில்லை, அன்று அவர் வெளியே போகவே இல்லை, இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்கிறேன் என்றேன்.

அவள் அழவில்லை.

"அப்ப சைக்கிள அனுப்சது நீ இல்லியா?"

எந்தச் சைக்கிள் என்று கேட்கும்போதே என் கண்ணில் பட்டுவிட்டது. வேலிப் படல் ஓரமாக நின்றது. இரண்டு டயரிலும் காற்று இல்லை. மூன்றரை வருஷத் தூசு அப்படியே.

"நேத்து மத்தியானம், நாலு மணி இருக்கும். ஸ்டாண்டு போடற சத்தம் கேட்டுச்சு. அவரு போடற மாதிரியே. வந்து பாத்தா இதான் நின்னுகினு கீது, ஆளக் காணோம்." உள்ளே போய் எதையோ எடுத்து வந்தாள். "கேரியர்ல இது சொருவி இருந்துச்சு. எனுக்குப் படிக்க வராது. இன்னா போட்டுகீது பாரு."

நேரம் குத்தும் கார்டு. தொலைந்துபோனது என்றார்களே, அது. மூலையில் எண்ணெய்க் கறை. டோக்கன் 417. 1989 நவம்பர். அவர் செத்த நாளின் வரிசையில் உள்ளே வந்த நேரம் 7:56, மை மங்கிப்போயிருந்தது.

வெளியே போன நேரம் 15:07.

அந்த மை இன்னும் காயவில்லை. என் கட்டைவிரலில் ஒட்டியது.