எனக்கு இடம் பிடித்து வைத்தவள்

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள். பேய், பிசாசு, சாமியாட்டம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்தன்று அவரவர் குடும்பத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்போம். கல்யாணமான பெண்ணுக்குக் கணவன் வீட்டுச் சாஸ்தாதான். தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அடுத்து வந்த உத்திரத்துக்கு முந்தின நாள் கொழுந்தனார் வாசலிலேயே நின்று, "மதினி, இந்த வருசம் நீங்க வர வேண்டாம், அம்மைக்கு மனசு சரியில்ல" என்றார். அண்ணனிடம் போனேன். "கெட்டிக் குடுத்த பொறவு ஒனக்கு அவுக சாஸ்தாதானம்மா" என்று அவன் கையை விரித்துவிட்டான்.

சாமி இல்லை என்பவளுக்கு இதில் என்ன வருத்தம் என்று கேட்பீர்கள். வருத்தம்தான், அவமானமும்தான். என் ஆறு வயது மகளிடம் நாளைக்கு யாராவது உனக்கு எந்தச் சாஸ்தா என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள் என்பதே மனதைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. விடிந்ததும் ஆத்திரத்தில் அரிசியையும் வெல்லத்தையும் பானையையும் பையில் போட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினேன். கூட்டம் இறங்கிய இடத்தில் நானும் இறங்கி, வயல் வரப்பில் எல்லோர் பின்னாலும் நடந்தேன். யாருடைய சாஸ்தா என்றுகூடத் தெரியாது.

கோயிலைச் சுற்றி அடுப்புகள், கண்ணைத் திறக்க முடியாத புகை. நல்ல உச்சி வெயில். திரும்பிவிடலாமா என்று நின்றபோது, "கோமதி, இங்கன வா" என்று ஒருத்தி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முந்தானையைத் தலையில் போட்டுக் குனிந்து, மூன்று கல்லுக்கு நடுவே ஓலையைச் செருகிக்கொண்டிருந்தாள். "ஒனக்குத்தான் எடம் பிடிச்சு வச்சிருக்கேன். பைய ஊது, பத்திக்கிடும்" என்றாள். என்னோடு படித்தவள் யாரோ என்று நினைத்தேன். குனிந்து ஊதிவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம்.

பானை பொங்கிய பிறகு பக்கத்து அடுப்புக்காரரிடம், "இங்க இருந்த அக்கா எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எந்த அக்கா? காலையில இருந்து நீங்கதான இங்கன நிக்கிய. தனியாவா வந்தியன்னு கேட்டதுக்கு, பிள்ள பின்னால வருதுன்னு சொன்னிய."

நான் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆள் மாற்றிச் சொல்கிறார், வெயில், புகை என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு பொங்கலைப் படைத்தேன். பூசாரி யார் எவர் என்று கேட்காமல் இரண்டு பேருக்கும் திருநீறு கொடுத்தார். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கும் வருடம் தவறாமல் அங்கேதான் போகிறோம். இதையெல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிட எனக்குத் தெரியும். ஆனால் அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என் மடியில் ஏறி நெற்றியைத் தடவிப் பார்த்தாள். அவள் அப்பா போனதிலிருந்து நான் பொட்டு வைப்பதில்லை.

"அடுப்புக்கிட்ட நிக்கும்போது வச்சிருந்தியே. ஏம்மா அழிச்சிட்ட?" என்றாள்.