கண் கூசும் வெயில்

எழுபதுகளின் நடுவில் மரக்காணம் உப்பளம் ஒன்றில் நான் மேஸ்திரியாக இருந்தேன். பாத்தியில் வாரிய உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்து போய் மேட்டில் கொட்டுவார்கள். அவர்களை உட்காரவிடாமல் வேலை வாங்குவதுதான் என் வேலை.

அவர்களில் ஒருத்தி புருஷனை இழந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஒருநாள் உச்சி வெயிலில் கூடையை இறக்கிவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கண்ணு கூசுதுங்க மேஸ்திரி. ஒண்ணுமே தெரியல. கொஞ்ச நேரம் கொட்டாயில குந்திக்கிறேன்."

"தெனம் உனக்கு ஒரு நாடகம். தூக்கு கூடைய," என்றேன்.

தூக்கினாள். வரப்பில் கால் இடறி விழுந்தாள். சிந்திய உப்பை அவளையே அள்ளவைத்தேன். மற்றவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

அடுத்த வருஷம் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் மூலம் விசா கிடைத்து துபாய்க்குப் போனேன். கட்டட வேலையில் சிமெண்ட் மூட்டை சுமந்தேன். சுற்றிலும் வெளிறிய மணல். வெயில் அதில் பட்டுக் கண்ணில் குத்தியது. மூன்றாவது மாதம், ஒருநாள் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். எதிரே எல்லாம் வெள்ளையாக இருந்தது.

ஃபோர்மேன் ஓடிவந்து கத்தினான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. கண்ணைத் தொட்டுக் காட்டினேன். அவனும் என்னைப் போலவே கண்ணைத் தொட்டு, தலையைச் சாய்த்து நடித்துக் காட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூட்டையோடு மறுபடி நடக்கத் தொடங்கினேன்.

சாயங்காலம், அறையில் கூடத் தங்கியிருந்த மலையாளி ஈரத்துணியை மடித்து என் கண்மேல் வைத்தான். துணிக்கடியில் அழுதேன். ஃபோர்மேன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது, உப்பளத்தில் கண் கூசி நின்ற அவளுக்கென்று ஒரு கூலிங்கிளாஸ் வாங்கி வந்தேன். மறுநாள் காலையே அவள் வீட்டுக்குப் போனேன். குடிசை வாசலில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

குரல் கேட்டதும் பதறி எழுந்தாள். கீரை மடியிலிருந்து சிதறியது.

"மேஸ்திரிங்களா? வேணும்னு நிக்கலீங்க. கண்ணுல பூ வுழுந்துடுச்சு. ரெண்டும் போயிடுச்சு. அதான் வேலைக்கு வரல."

"உக்காரும்மா. நான் இப்ப மேஸ்திரி இல்ல."

அவள் உட்காரவில்லை. நான் இருந்தவரை நின்றுகொண்டேதான் பேசினாள்.

உப்பை அள்ளவைத்த அந்த நாளைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சற்று யோசித்துப் பார்த்தாள்.

"எந்த நாளுங்க? நீங்க தெனமும்தான் திட்டுவீங்க," என்றாள்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்கு நினைவில்லை.

கூலிங்கிளாஸை அவள் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குங்க இது? மவளுக்குக் குடுக்கறேன். இப்ப அவதான் உப்பு சொமக்கறா."

அங்கிருந்து நேராக உப்பளத்து முதலாளியிடம் போனேன். உச்சிவேளையில் ஒரு மணி நேரமாவது பெண்களை நிழலில் உட்காரவிடச் சொன்னேன்.

"ஏம்பா, துபாய் காத்து பட்டதும் பேச்சே மாறிடுச்சே," என்று சிரித்தார். பிறகு எனக்கு டீ சொன்னார். குடிக்கப் பிடிக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

லீவு முடிந்து மறுபடியும் துபாய்க்கே போனேன். அவள் இறந்துபோனது என் மனைவி எழுதிய கடிதத்தில்தான் தெரிந்தது. மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்று எழுதிக்கொண்டே போனவள், நடுவில் ஒரு வரியாக அதையும் எழுதியிருந்தாள்.