வட்டம் மட்டும் சுற்றிய பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அரசுத் தேர்வு எழுதியே தீருவது என்று வீம்பாக உட்கார்ந்தேன். வயது வரம்புக்குள் அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. ஓர் ஆசிரியர் தம் இணையதளத்தில் இலவசமாகக் கணக்குப் பாடம் நடத்தினார். போனில் பார்த்தால் மதியத்துக்குள் டேட்டா காலியாகிவிடும். அதனால் கிளை நூலகத்தின் கணினிதான் கதி.

அந்த நூலகத்தை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது. கடகடவென்று சுற்றும் மின்விசிறி, காலையிலேயே வந்து பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் படிக்கும் கூட்டம். படித்து முடித்த தாளை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவரவருக்கு வேண்டிய பக்கம் எப்படியும் கைக்கு வந்துவிடும்.

ஏரியாவில் கேபிளும் நெட்டும் நடத்துகிறவர் ஒருநாள் வந்து நூலகத்தின் பழைய இணைப்புக்குப் பதிலாக இலவச இணைப்புக் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் ஒரே குஷி. ஆனால் அன்றிலிருந்து என் பாடம் திறக்கவில்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆசிரியர் தளத்தை மூடிவிட்டார் போல என்று நினைத்தேன். நமக்குக் கொடுத்துவைத்தது இவ்வளவுதான் என்று புத்தகங்களை மூட்டை கட்டப் போனேன். நூலகர் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் போன் டேட்டாவில் போட்டுப் பார்த்தார். பாடம் உடனே ஓடியது. எனக்கு வந்ததே கோபம், கேபிள்காரரை வரவழைக்கச் சொன்னேன்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் நடத்தும் சினிமா இணையதளம் இங்கே வேகமாக ஓடினால் பார்க்கிறவர்கள் வீட்டுக்கும் இணைப்பு வாங்குவார்களாம். அதற்காக மற்றதையெல்லாம் மெதுவாக்கி வைத்திருக்கிறாராம். ஓசியில் கொடுப்பதில் குறை சொல்லலாமா என்று வேறு கேட்டார்.

நான் பேப்பர் மேஜையைக் காட்டினேன். "அண்ணே, சினிமாத் தாள மட்டும் எங்களாண்ட குடுத்துட்டு, மீதி பேப்பர் மேல நீங்க குந்திக்கினா, இதுக்குப் பேரு லைப்ரரியா?"

மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. அவரும் அசடு வழிந்தார். "சரி உடும்மா, எல்லாத்தையும் ஒரே மாரி உட்டுடறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். மறுநாள் வட்டிக் கணக்குப் பாடம் திறந்தபோது கண்ணில் நீர் முட்டிவிட்டது.

இப்போது ஆவடியில் அரசு வேலையில் இருக்கிறேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. யாரோ ஒருவர் மெதுவாக்கி வைத்ததை என் தலையெழுத்து என்று நம்பி, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எழுந்து போகப் பார்த்தேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.